பத்து மழைக்காலம் தாங்கும் வீடு: பொருள் வாங்கும் முன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கிரகப்பிரவேசத்தன்று எல்லா வீடும் பளபளப்பாகத்தான் இருக்கும். இரண்டாவது மழைக்காலத்தில்தான் சாயம் வெளுக்கும். பாத்ரூம் கதவின் அடிப்பகுதி ஊதியிருக்கும், சிங்க் அடியில் உள்ள பலகை உப்பியிருக்கும், வடக்குப் பக்கச் சுவரில் பெயிண்ட் செதில் செதிலாக உதிரும். நம் ஊரில் வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மேலே மழை, கீழே ஓதம், குழாயில் போர் தண்ணீரின் உப்பு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் எந்தப் பொருளை வாங்கினாலும் கடைக்காரரிடம் விலை கேட்கும் முன் உங்களிடமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இதன் மேல் எந்தத் தண்ணீர் படும்? இதைத் தினமும் துடைக்கப்போவது யார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதித் தவறுகள் நடக்காது.

செய்ய வேண்டியவை

பணத்தைத் தண்ணீர் படும் இடங்களில் போடுங்கள். பாத்ரூம், சமையலறை, மொட்டை மாடி, வெளிச்சுவர் ஆகிய நான்கிலும் செலவைக் குறைக்காதீர்கள். மிச்சம் பிடிப்பதை ஹாலிலும் படுக்கையறையிலும் பிடியுங்கள். டிவி பேனலையும் ஃபால்ஸ் சீலிங்கையும் அடுத்த வருடம்கூடச் செய்துகொள்ளலாம். பாத்ரூம் தரையை அப்படித் தள்ளிப்போட முடியாது. பிறகு சரிசெய்ய வேண்டுமென்றால் டைல், பூச்சு, பைப் எல்லாவற்றையும் உடைத்தாக வேண்டும்.

போர் தண்ணீரை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் காய வையுங்கள். வெள்ளையாகப் படலம் படிந்தால் உங்கள் தண்ணீரில் உப்பு அதிகம். சரியான அளவு தெரிய வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். உப்பு அதிகம் என்று தெரிந்துவிட்டால் கறுப்பு நிற மேட் குழாய், பாத்ரூமில் கண்ணாடித் தடுப்பு, அடர் நிறப் பளபளப்பு டைல் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்றிலும் ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

டைலைத் திருப்பி, முதுகில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் அது சுவருக்கான செராமிக் டைல். தண்ணீர் அப்படியே நின்றால் விட்ரிஃபைடு. அதன் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குள் இருக்கும். தரைக்கு விட்ரிஃபைடுதான் வேண்டும். அதிலும் ஜிவிடி எனப்படும் வகையில் டிசைன் மேற்பரப்பில் அச்சடித்த மெல்லிய படலம்தான். ஓரம் சில்லு பெயர்ந்தால் உள்நிறம் பளிச்சென்று தெரியும். டபுள் சார்ஜ் வகையில் நிறம் சுமார் 3 எம்.எம். ஆழம் வரை இறங்கியிருக்கும். கட்டில், நாற்காலி இழுபடும் ஹாலுக்கும், ஆள் நடமாட்டம் அதிகமுள்ள வாடகைப் போர்ஷனுக்கும் டபுள் சார்ஜே சரி. படுக்கையறைக்கு ஜிவிடி போதும்.

பாத்ரூமுக்கும் படிக்கட்டுக்கும் ஈரக் காலோடு நின்று பார்த்து டைல் வாங்குங்கள். சாம்பிளைத் தரையில் போடச் சொல்லி, தண்ணீரும் இரண்டு சொட்டு ஷாம்பூவும் விட்டு, கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலை வைத்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதில் சமரசமே வேண்டாம். ரொம்பச் சொரசொரப்பான டைலும் வேண்டாம். அதன் குழிகளில் சோப்பு அழுக்கு அடைந்து தேய்த்தாலும் போகாது. வழுக்காத, கையால் தடவினால் மணல் தாள் போல் உறுத்தாத மேட் ஃபினிஷ் போதும்.

பாத்ரூமில் டைல் ஒட்டுவதற்கு முன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள். வாட்டர்புரூஃபிங் பூசியாயிற்று என்று மேஸ்திரி சொல்வதை மட்டும் நம்பி மேலே போகாதீர்கள். வடிகால் ஓட்டையைத் துணியும் சிமெண்டும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். கீழ்த்தளத்துக் கூரையையும் வெளிச்சுவரையும் இரண்டு நாளும் போய்ப் பாருங்கள். கசிவு இந்தக் கட்டத்தில் தெரிந்தால் ஒரு நாள் வேலை. டைல் ஒட்டிய பிறகு தெரிந்தால் மொத்தத் தரையும் போகும். தேதி நெருங்குகிறது என்று இந்தச் சோதனையைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு கீழ் வீட்டுக்காரரோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

விட்ரிஃபைடு டைலை டைல் அடெசிவ் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். விட்ரிஃபைடு டைல் தண்ணீரை உறிஞ்சாது. அதனாலேயே வெறும் சிமெண்ட் பாலில் நன்றாகப் பிடிக்காது. சுவரில் ஒட்டுவதென்றால் அடெசிவ் கட்டாயம். ஒட்டி முடித்த மறுநாள் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலின் நான்கு மூலையிலும் தட்டிப் பாருங்கள். கூடுசத்தம் கேட்டால் அடியில் பிடிமானம் இல்லை. கனமான பாத்திரம் விழுந்தால் அந்த இடம்தான் உடையும். கொத்தனார் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

ஈரம் படும் இடத்தில் எபாக்ஸி கிரவுட் கேளுங்கள். சாதாரண சிமெண்ட் கிரவுட் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும். வீடு முழுக்க எபாக்ஸி போடப் பணம் இல்லையென்றால் பாத்ரூம் தரை, சமையல் மேடைக்குப் பின் உள்ள சுவர் இரண்டுக்கு மட்டுமாவது போடுங்கள்.

பாத்ரூம் கதவின் நிலையைக் கிரானைட்டில் வையுங்கள். மர நிலையின் அடிப்பகுதிதான் முதலில் உளுக்கும். கிரானைட் நிலை ஊதாது, கரையானுக்கும் இடம் தராது. கதவுக்கு டபிள்யூபிசி அல்லது எஃப்ஆர்பி போதும். தேக்குக்குச் செலவழிக்கும் ஆசையை வாசல் கதவில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சமையல் மேடைக்கு அடர் நிறக் கிரானைட்டே போடுங்கள். புளி, எலுமிச்சை, மஞ்சள், சூடான குக்கர் எல்லாவற்றையும் தாங்கும் கல் இதுதான். அதற்கான கல் கிருஷ்ணகிரி, விழுப்புரம் பக்கம் நம் ஊரிலேயே வெட்டி எடுக்கப்படுகிறது. ஆனால் கறுப்புக் கல்லில் ஒரு ஏமாற்று உண்டு. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றி ஜெட் பிளாக் என்று விற்பார்கள். பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் இருந்தாலும் போதும். பஞ்சில் கறுப்பு ஏறினால் அந்தக் கடையை விட்டே வந்துவிடுங்கள்.

அலமாரியின் கூட்டைக் கல்லில் அமையுங்கள், கதவுக்கு மட்டும் பலகை போடுங்கள். மேடைக்கு அடியில் கடப்பா கல்லோ ஃபெர்ரோசிமெண்ட் ஸ்லாபோ வைத்துத் தடுப்புகள் கட்டி, வெளியே ஷட்டர் மாட்டினால், பார்வைக்கு மாடுலர் கிச்சன் போலவே இருக்கும். சிங்க் ஒழுகினாலும் கூடு கெடாது. கதவு கெட்டால் கதவை மட்டும் மாற்றலாம். அரிசி டின்னையும் கிரைண்டரையும் தூக்கி வைக்கும் சமையலறைக்கு இதைவிட உறுதியான ஏற்பாடு கிடையாது. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை என்பதால் ஆசிட் மட்டும் படக்கூடாது.

பிளைவுட் வாங்கினால் 710 என்று கேட்டு வாங்குங்கள். ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். கொதிநீரில் 72 மணி நேரம் போட்டாலும் பசை விடக்கூடாது என்பது அதன் சோதனை. பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வெட்டி எறிந்த துண்டு ஒன்றை வாங்கி வந்து பாத்திரத்தில் போட்டு அரை நாள் கொதிக்க வையுங்கள். அடுக்குகள் பிரிந்தால் முத்திரை எதுவாக இருந்தாலும் அது உங்களுக்கு வேண்டாம். அப்படியே வெட்டிய ஓரத்தையும் கவனியுங்கள்; அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தில் ஸ்க்ரூ நிற்காது. பீரோ, கட்டில் போன்ற ஈரம் படாத இடத்துக்கு 710 தேவையில்லை.

எஸ்எஸ் 304 என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சிங்க், கீல், மாடிப்படிக் கைப்பிடி, ஜன்னல் கொசு வலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 202 விலை குறைவு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒன்று போலவே மின்னும்; துரு முதலில் 202-ல்தான் பிடிக்கும். கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு என்றால் வெளியே உள்ள கைப்பிடிக்கு 316 கேளுங்கள். அதில் உள்ள மாலிப்டினம் உப்பின் அரிப்பைக் குறைக்கும்.

மொட்டை மாடியில் வாட்டத்தைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தட்டோடு பதித்தாலும் கூல் டைல் ஒட்டினாலும், தண்ணீர் தேங்கினால் எதுவும் நிற்காது. நாலைந்து குடம் ஊற்றி அரைமணி நேரம் கழித்து எங்கே குட்டை நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அந்த இடங்களைச் சரிசெய்த பிறகே பணம் கொடுங்கள். மழைநீர்க் குழாய் 4 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, இலை அடைக்காமல் வாயில் ஜாலி இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல் வளைத்துப் பூசச் சொல்லுங்கள். கசிவு முதலில் அங்கேதான் தொடங்கும்.

கரையான் மருந்தை அஸ்திவாரத்தோடு அடித்துவிடுங்கள். தளம் போட்ட பிறகு அடிப்பதென்றால் தரையில் வரிசையாகத் துளை போட வேண்டும். மர நிலையின் முதுகுப் பக்கத்துக்கும் சுவரில் பதிக்கும் முன் தார் பூசச் சொல்லுங்கள்.

பழைய வீட்டில் மொசைக் தரை இருந்தால் காப்பாற்றுங்கள். நாற்பது வருட மொசைக்கைப் பாலிஷ் போட்டால் புதிது போலாகும். அதை உடைத்துவிட்டு டைல் போடுவது நல்ல தரையைக் காசு கொடுத்துக் கெடுப்பது. காவித் தரைக்கும் ஆத்தங்குடி டைலுக்கும் இதே பேச்சுதான். தினமும் துடைக்கத் துடைக்க மெருகேறும் தரைகள் அவை.

ஒரு பெட்டி டைலைக் கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். பெட்டியின் மேல் உள்ள பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கட்டும். ஐந்து வருடம் கழித்து அதே டிசைன் கடையில் கிடைக்காது.

செய்யக்கூடாதவை

ஓதம் அடித்த சுவரைப் பேனல் வைத்து மறைக்காதீர்கள். இப்போது அதிகம் நடக்கும் தவறு இதுதான். சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து பெயிண்ட் உதிர்கிறது, உடனே பிவிசி பேனலோ வால்பேப்பரோ ஒட்டிவிடுகிறார்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் மேலே ஏறும், பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், அந்த அறையில் படுக்கும் குழந்தைக்கு இருமல் வரலாம். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். தரையை ஒட்டி இரண்டு மூன்று அடி உயரம் வரை நீளமாக இருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் சுவருக்குப் பின்னால் குழாய் ஒழுகலாம். கூரையை ஒட்டி இருந்தால் மாடியிலிருந்து இறங்குகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. புதிதாகக் கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத்தைத் தடுக்கும் டிபிசி கான்கிரீட் பட்டை போடாமல் சுவரை எழுப்பவே விடாதீர்கள்.

பூச்சு காயாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். புதுப் பூச்சுக்குத் தண்ணீர் அடித்து முடித்த பிறகும் நான்கு வாரமாவது காய விட வேண்டும். வெளிச்சுவர் பெயிண்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் அவசரமாக அடித்து முடிக்காதீர்கள், தை பிறக்கட்டும். ஈரத்தின் மேல் அடித்த பெயிண்டுக்குக் கம்பெனி வாரண்டியும் செல்லாது.

சிங்க் அடியில் எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு வைக்காதீர்கள். இரண்டுமே மரத்தூளையும் நாரையும் பசையில் அழுத்திச் செய்தவை. ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால் பழைய அளவுக்குத் திரும்பாது. மேலே எவ்வளவு அழகான லேமினேட் ஒட்டியிருந்தாலும், தண்ணீர் அறுத்த ஓரத்தின் வழியாக நுழைந்துவிடும். அழகான ரெடிமேட் கிச்சன் விலை மலிவாகக் கிடைக்கிறது என்றால் உள்ளே இருப்பது என்ன பலகை என்று ஒரு கீல் ஓட்டையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சமையல் மேடைக்கு மார்பிளும் வெள்ளைக் குவார்ட்ஸும் போடாதீர்கள். மார்பிள் அடிப்படையில் சுண்ணாம்புக் கல். எலுமிச்சைச் சாறு விழுந்த இடத்தில் அதன் பளபளப்பு போய்விடும், துடைத்தாலும் வராது. குவார்ட்ஸில் கல்தூளைப் பிணைப்பது பிசின், அதனால் அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக வைத்தால் வடு விழும். சாம்பாரும் மஞ்சளும் தினமும் புழங்கும் வீட்டில் வெள்ளை மேடையைக் காப்பாற்றும் பாரம் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது.

இடைவெளி இல்லாமல் டைல் ஒட்ட விடாதீர்கள். “கோடே தெரியாமல் ஒட்டித் தருகிறேன்” என்று கொத்தனார் பெருமையாகச் சொல்லுவார். வெயிலில் டைல் விரிய இடம் வேண்டும். இல்லையென்றால் கோடையில் ஒருநாள் நடு ஹாலில் டைல்கள் கூடாரம் போல் எழும்பி நிற்கும். 2 எம்.எம். ஸ்பேசர் வைக்கச் சொல்லுங்கள். கிரவுட் நிறத்தை வெள்ளையாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். டைலைவிடச் சற்று அடர்ந்த சாம்பல் நிறம் பல வருடம் ஒரே மாதிரி இருக்கும்.

ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். உப்புக் கறை ஒரு நொடியில் போகும் என்பது உண்மைதான். கூடவே சிமெண்ட் கிரவுட் கரையும், குழாயின் குரோம் பூச்சு உரியும், அந்தப் புகையே எவர்சில்வரில் துருப்புள்ளி வைக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. வாரம் ஒருமுறை வினிகரோ, வெந்நீரில் கரைத்த சிட்ரிக் ஆசிட் எனப்படும் எலுமிச்சை உப்போ போதும். அதையும் மார்பிள், கடப்பா, ஆத்தங்குடி டைல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

குழாய்களைச் சோதிக்காமல் சுவரை மூடாதீர்கள். ஜிஐ பைப் உள்ளே துருவும், உப்புத் தண்ணீரில் அடைத்தும் போகும். சுவருக்குள் சிபிவிசி போடுங்கள்; ஹீட்டர், சோலார் வெந்நீரையும் அது தாங்கும். எல்லா முனையையும் அடைத்து, பம்பால் அழுத்தம் ஏற்றி, மறுநாள் வரை மானி இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பூசட்டும். மாடியில் வெயிலில் ஓடும் பிளாஸ்டிக் பைப்புக்கு மேல் வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். இல்லையென்றால் சில வருடத்தில் நொறுங்கும்.

காந்தம் ஒட்டவில்லை என்றதும் 304 என்று நம்பாதீர்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. கடையில் இந்த வித்தையைக் காட்டினால் பதிலுக்குச் சோதனைத் திரவம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீல் வியாபாரம் செய்பவர்களிடம் அது இருக்கும்.

எடை இல்லாத குழாய் வாங்காதீர்கள். கையில் தூக்கிப் பாருங்கள். பித்தளை என்றால் கனக்கும். கனக்காதது குரோம் பூசிய பிளாஸ்டிக்கோ துத்தநாகக் கலவையோதான். வாஷர், கார்ட்ரிட்ஜ் உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்குமா என்றும் கேளுங்கள். சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டரையும் ஃப்ளஷ் டேங்கையும் உதிரிபாகம் கிடைக்காத கம்பெனியில் வாங்கவே வேண்டாம்.

பாத்ரூமுக்குக் கீழே ஜிப்சம் சீலிங் போடாதீர்கள். ஒரு சின்னக் கசிவில் பழுப்பு வட்டம் விழும், பிறகு போர்டு தொங்கும். மறைத்தே ஆக வேண்டிய இடமென்றால் கழற்றி மாட்டும் பிவிசி அல்லது கால்சியம் சிலிகேட் பலகை போடுங்கள்.

தூசி அடையும் டிசைன்களுக்கு மயங்காதீர்கள். சுவர் முழுக்கக் கோடுகோடாக ஓடும் லூவர் பேனல், சொரசொரப்பான கல் பதிப்பு, கூரையில் நான்கு அடுக்குக் கோவ் லைட் எல்லாமே படத்தில் அழகு. ஒவ்வொரு இடுக்கிலும் ஒட்டடை படியும். ஏணி போட்டு ஏறித் துடைக்க வேண்டியவர் வேலைக்கு வரும் அக்காவோ உங்கள் அம்மாவோதான். சமதளமாக, ஈரத்துணி ஒரு இழுப்பில் துடைக்கக்கூடியதாக இருக்கட்டும்.

“நல்ல தரமான பொருள்” என்று மட்டும் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சதுர அடிக் கணக்கில் கான்ட்ராக்ட் கொடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். டைல் எந்த வகை, சதுர அடி என்ன விலைக்குள், பிளைவுட் எந்த ஐஎஸ் எண், ஸ்டீல் எந்தக் கிரேடு, வாட்டர்புரூஃபிங் எத்தனை கோட், குழாய் எந்தக் கம்பெனியின் எந்த மாடல் என்று ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுத வையுங்கள். 48 மணி நேரத் தண்ணீர்ச் சோதனையும் பிரஷர் டெஸ்ட்டும் முடிந்தால்தான் அடுத்த தவணைப் பணம் என்பதையும் சேருங்கள். எழுதத் தயங்குபவர் வேலையிலும் தயங்குவார். வேறு ஆளைப் பாருங்கள்.

கடைக்குக் கிளம்பும்போது ஒரு பாட்டில் தண்ணீர், கொஞ்சம் பஞ்சு, நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்க்க அனுமதிக்காத கடையில் எதையும் வாங்காதீர்கள்.